கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரின் வருமானம் எது? 44ஏடி, 44ஏடிஏ பற்றி ஒரு குறிப்பு

சொந்தமாக கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணுகிறவர்களுக்கு வருமான வரி பற்றித் தமிழில் கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் ரெண்டே வரிதான். நீங்க ஐடி ப்ரொஃபஷனல், 44ஏடிஏவில் போடுங்க, பாதி செலவுன்னு கழிஞ்சிடும், பில்லே வேண்டாம் என்பது ஒன்று. நீங்க பிசினஸ், 44ஏடியில் போடுங்க, எட்டு சதவீதம் காட்டினா போதும் என்பது இன்னொன்று. யூட்யூபிலும் இதுதான், டேலி போடுகிற கடைகளிலும் இதுதான். ரெண்டு பிரிவும் சட்டத்தில் இருப்பவை. ஆனால் சொல்கிறவர்கள் ரெண்டிலுமே வாசகத்தின் ஒரு பகுதியைச் சொல்லாமல் விடுகிறார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று பார்க்கலாம்.

(பழைய, 1961ஆம் வருஷச் சட்டத்தின் எண்களிலேயே எழுதுகிறேன். புது வருமான வரிச் சட்டம், 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இந்த அனுமான வருமானப் பிரிவுகள் அதில் 58ஆம் பிரிவுக்குள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எல்லோர் வாயிலும் இன்னும் பழைய எண்தான் இருக்கிறது.)

தர்மபுரி, பாலக்கோடு, அரூர் பக்கம் இந்த வேலை செய்கிற ஒருவரின் வரவு எப்படி வருகிறது என்பதில்தான் சிக்கலே ஆரம்பம். விண்டோஸ் போடுவார், எஸ்எஸ்டி மாற்றுவார், பிரின்டர் பார்ப்பார், சிசிடிவி மாட்டுவார், ரெண்டு மூணு பள்ளிக்கூடங்களுக்கு வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம் வைத்திருப்பார், எனிடெஸ்க்கில் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிலதைச் சரி பண்ணுவார். பாகத்துக்குத் தனி, கூலிக்குத் தனி என்று யாரும் காசு கொடுப்பதில்லை. "மொத்தமா 4,200 ஜிபே பண்ணிடுங்க சார்." அதில் எஸ்எஸ்டி மட்டும் 2,800 இருக்கலாம். கணக்கில் ஏறுவது 4,200.

ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு மொத்த வரவு 9,60,000 ரூபாய். பாகங்கள் வாங்கிய செலவு 5,70,000. கடை வாடகை, பெட்ரோல், போன், கூட ஒரு பையன், எல்லாம் சேர்ந்து 1,20,000. கையில் நிற்பது 2,70,000. இதே ஆள் 44ஏடிஏவில் போட்டால் வரவில் பாதி, அதாவது 4,80,000 அவர் வருமானம். 44ஏடியில் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதம், வங்கி, யூபிஐ வழியாக வந்ததற்கு 6 சதவீதம். வரவு பாதிக்குப் பாதி என்றால் 67,200. ஒரே ஆள், ஒரே வருஷம், மூணு வருமானம். சட்டம் தருகிற ரெண்டு எண்ணுமே உண்மைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

இதில் எது அவருக்கானது? 44ஏடிஏ குறிப்பிட்ட ப்ரொஃபஷன்களுக்கு, 44ஏடி பிசினஸுக்கு. நம்ம ஊரில் இந்தக் கேள்வியே புரியாது, ஏன்னா தமிழில் ரெண்டுக்கும் தொழில்தான். உள்ளாட்சிக்குக் கட்டுகிற தொழில் வரி ப்ரொஃபஷன் டாக்ஸ். வங்கியில் வாங்குகிற தொழில் கடன் பிசினஸ் லோன். என்ன தொழில் என்று கேட்டால் வக்கீலும் சொல்வார், மாவு மில்காரரும் சொல்வார்.

சரி, சட்டமாவது தெளிவாக இருக்கிறதா? 44ஏஏ பிரிவு மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம் என்று ஒரு பட்டியல் தருகிறது. வேறு எதையாவது சேர்க்க நேரடி வரிகள் வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. 1977ல் திரைப்படக் கலைஞரைச் சேர்த்தபோது அந்தச் சொல்லுக்குப் பொருளும் கூடவே கொடுத்தார்கள். நடிகர், கேமராமேன், உதவி இயக்குநர், பாடலாசிரியர், வசனம் எழுதுகிறவர், உடை வடிவமைப்பாளர் வரைக்கும் ஒவ்வொருவராக. 2001ல் தகவல் தொழில்நுட்பத்தைச் சேர்த்தபோது வெறும் அந்தப் பெயர்தான். அதற்குள் யார் வருவார் என்று ஒரு வரி கிடையாது. பெங்களூரில் கிளவுட் ஆர்க்கிடெக்ட்டாக ஃப்ரீலான்ஸ் பண்ணுகிறவரும், பென்னாகரம் ரோட்டில் மதர்போர்டுக்கு ஹாட் ஏர் அடிக்கிறவரும் அதே ரெண்டு சொல்லுக்குள் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

2016 ஜனவரியில் நீதிபதி ஈஸ்வர் குழு, ப்ரொஃபஷனல்களுக்கும் ஒரு அனுமானத் திட்டம் வேண்டும், வரவில் மூன்றில் ஒரு பங்கை வருமானமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. அந்த வருஷ பட்ஜெட்டில் வந்த 44ஏடிஏ அதைப் பாதியாக ஏற்றிவிட்டது. டாக்டர், வக்கீல் மாதிரி மூளையை விற்கிறவர்களுக்கு அது தாங்கும். வரவில் பாதிக்கு மேல் பாகத்தின் விலையாகவே வெளியே போகிறவருக்குத் தாங்காது.

அரசின் மற்ற காகிதங்கள் இந்த விஷயத்தில் வருமான வரிப் பிரிவைவிடத் தெளிவு. 1995ல் வந்த 715ஆம் எண் சுற்றறிக்கை, டிடிஎஸ் பற்றிய கேள்வி பதிலாக எழுதப்பட்டது. உதிரிபாகத்தோடு சேர்ந்த வழக்கமான பராமரிப்பு ஒப்பந்தம் என்றால் 194சி, அதாவது ஒப்பந்த வேலை. தொழில்நுட்பச் சேவை என்றால் 194ஜே என்று அது பிரிக்கிறது. ஜிஎஸ்டியில் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்புக்கு 998713 என்ற குறியீடு, ஐடி ஆலோசனை மற்றும் சப்போர்ட்டுக்கு 998313. வரி ரெண்டுக்கும் 18 சதவீதம்தான், ஆனாலும் வேறு வேறு வேலை என்று ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் நடைமுறையில், பள்ளிக்கூடத்தின் ஆடிட்டர் டிடிஎஸ் பிடிக்கும்போது 194ஜே என்று டிக் பண்ணிவிட்டால், நம்ம ஆள் தனக்கே தெரியாமல் ப்ரொஃபஷனல் ஆகிவிடுகிறார். ரிட்டர்ன் போட உட்காரும்போது 26ஏஎஸ்ஸைப் பார்த்துவிட்டு, 194ஜே இருக்கு, அப்ப 44ஏடிஏதான் என்று முடிவு கட்டுகிறார்கள். தலைகீழ். யாரோ எந்தப் பிரிவில் பிடித்தார்கள் என்பது இவர் செய்கிற வேலையின் தன்மையை மாற்றாது.

ப்ரொஃபஷன் எது என்று கேட்டு வழக்கு போனது இன்று நேற்றல்ல. நம்ம நீதிமன்றங்கள் இன்னும் எடுத்துச் சொல்கிற ஆங்கிலத் தீர்ப்பு 1919ல் வந்த மேக்ஸ் வழக்கு. ஒரு பத்திரிகைக்கு அவரே ஆசிரியர், அவரே முதலாளி. நீதிபதி ஸ்க்ரட்டன் சொன்ன அளவுகோல் இதுதான்: அறிவுத்திறன், அல்லது அறிவு நடத்துகிற கைத்திறன் என்றால் ப்ரொஃபஷன், சரக்கு உற்பத்தியும் விற்பனையும் பிரதானம் என்றால் அது வேறு. நீதிமன்றம் அந்த ஆளைப் பிரித்தே பார்த்தது. எழுதுவதில் ப்ரொஃபஷன், பத்திரிகை விற்பதில் பிசினஸ். நூறு வருஷம் கழித்து நம்ம சர்வீஸ்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு கிடைக்காது.

என் கட்சி இது. பாகம் வாங்கி மாட்டி, சேர்த்துக் காசு வாங்குவது பெரும்பகுதி என்றால் அது பிசினஸ், 44ஏடி. பாகமே தொடாமல் ரிமோட் சப்போர்ட், நெட்வொர்க் வடிவமைப்பு, சர்வர் நிர்வாகம் என்று மட்டும் இருந்தால் 44ஏடிஏ. ரெண்டும் கலந்தவருக்குத்தான் கண்ணி. 44ஏடியின் ஆறாம் உட்பிரிவு, பட்டியல் ப்ரொஃபஷன் செய்கிற நபருக்கே அந்தப் பிரிவு பொருந்தாது என்கிறது. வரவுக்கு என்று சொல்லவில்லை, நபருக்கு என்று சொல்கிறது. எழுத்துக்கு எழுத்து படித்தால், தன்னை ஐடி ப்ரொஃபஷனல் என்று எழுதிக்கொண்டவர் கடை வியாபாரத்துக்கும் 44ஏடி பக்கம் போக முடியாது. ஐடிஆர்-4 படிவத்திலோ ரெண்டு கட்டமும் பக்கத்து பக்கத்தில் திறந்தே கிடக்கிறது.

இப்போது அந்த விடுபட்ட பகுதி. 44ஏடி எட்டு சதவீதம் என்று சொல்லி நிறுத்துவதில்லை. அதைவிட அதிகம் சம்பாதித்ததாக வரி செலுத்துகிறவர் சொன்னால் அந்தத் தொகை என்று தொடர்கிறது. 44ஏடிஏவிலும் அப்படியே. அதிகமாகக் காட்டியே ஆக வேண்டுமா என்பதில் வாதம் உண்டு, காட்டலாம் என்பதில் வாதமே இல்லை. நம்ம உதாரண ஆள் 44ஏடியிலேயே 2,70,000 என்று எழுதலாம். ஆடிட் கிடையாது, யாரும் தடுக்கப்போவதில்லை. 92 சதவீதத்தைச் செலவாகக் கழிக்கச் சட்டம் அனுமதித்திருக்கிறது என்று படிப்பது தப்பு. அதற்குக் கீழே காட்டினால்தான் கணக்குப் புத்தகமும் ஆடிட்டும் கேட்கும்.

குறைத்துக் காட்டுவதில் முன்பு ஒரு லாபம் இருந்தது, வரி விலக்கு வரம்பே இரண்டரை லட்சமாக இருந்த காலம். 2025-26ல் புதிய முறையில், 87ஏ தள்ளுபடியோடு, 12 லட்சம் வரை வரி பூஜ்யம். 67,200 எழுதினாலும் பூஜ்யம், 2,70,000 எழுதினாலும் பூஜ்யம், 4,80,000 எழுதினாலும் பூஜ்யம். பிடித்த டிடிஎஸ் எப்படியும் திரும்பி வரும். அப்புறம் எதற்கு எட்டு?

குறைத்துக் காட்டுவதற்கு ஒரு விலை இருக்கிறது, வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது வங்கிக்காரர் முகத்தில் அது தெரியும். அதைவிடப் பெரிய விலை ஒன்று. இந்த வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க டூவீலரில் இருப்பவர்கள். சேலம் போகிற நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட இடம் என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விபத்தில் ஒருவர் இறந்தால் தீர்ப்பாயம் இழப்பீட்டை அவர் வருமானத்திலிருந்துதான் கணக்கிடும். வருமான வரி ரிட்டர்ன் இருந்தால் அதை வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019ல் சொல்லியிருக்கிறது. 38 வயது, மனைவி, ரெண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுயதொழில் செய்கிற, 40 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு எதிர்கால வளர்ச்சிக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் (2017, அரசியல் சாசன அமர்வு). சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒன்று கழிக்க வேண்டும், 15ஆல் பெருக்க வேண்டும் (2009 தீர்ப்பு). 2,70,000 எழுதியிருந்தால் 37,80,000 ரூபாய். 67,200 எழுதியிருந்தால் 9,40,800. மற்ற தலைப்புகளில் வரும் சிறு தொகைகளை விட்டுவிட்டேன். ஒரு ரூபாய் வரி மிச்சமாகாத இடத்தில், குடும்பத்துக்கு 28 லட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

அனுமானமே வேண்டாம், உண்மையான செலவைக் கழிக்கிறேன் என்கிறவருக்கு 30 முதல் 37 வரையான பிரிவுகள் இருக்கின்றன. புதிய முறையில் 80சி எல்லாம் போய்விட்டதால் இதுவும் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, தொழில் செலவு எந்த முறையிலும் கழியும். கடை வாடகை, பழுது, பாகங்கள், பையன் சம்பளம், உள்ளாட்சிக்குக் கட்டிய தொழில் வரி. லேப்டாப்புக்கு வருஷம் 40 சதவீதம் தேய்மானம், வண்டிக்கு 15 சதவீதம், சொந்த உபயோகத்துக்கான பங்கைக் கழித்துவிட்டு. அமெரிக்கப் பட்டியலைத் தமிழாக்கி, மைலுக்கு இவ்வளவு என்று கழிக்கலாம் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இங்கே கிலோமீட்டர் கணக்கு கிடையாது, பெட்ரோல் பில்தான். பெங்களூர் எஸ்பி ரோட்டுக்கோ ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கோ போய், ஒரே கடையில் ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொடுத்து பாகம் வாங்கினால் அந்தச் செலவு கழியாது, 40ஏ(3).

நடைமுறையில் எந்த வழியில் போனாலும் முதலில் மாற வேண்டியது பில் புத்தகம்தான். பாகம் ஒரு வரி, கூலி ஒரு வரி என்று ரெண்டாகப் பிரித்து எழுதினால் போதும். நான் பார்த்த பில்களில் "கம்ப்யூட்டர் சர்வீஸ் – 4,200" என்று ஒற்றை வரி. அதை வைத்துக்கொண்டு எஸ்எஸ்டிக்கு 2,800 போனதை எந்த ஆடிட்டராலும் காட்ட முடியாது.