முயலுக்குக் குறைந்த கொழுப்பு

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து நாலு வருஷம் ஆகிறது. போன மாதம்தான் தெரிந்தது, ஸ்டாட்டின் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டு குக்குலு கேப்ஸ்யூல் சாப்பிட்டுக்கிட்டு இருக்கார். டப்பாவில் "ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று போட்டிருந்தது. எந்த ஆய்வகம், யாருக்குக் கொடுத்து நிரூபிச்சாங்க என்று தேட உட்கார்ந்தேன்.

குக்குலு என்பது ராஜஸ்தான், குஜராத் பக்கம் வறண்ட நிலத்தில் வளரும் முள்செடியின் பிசின். ஏமாற்று வேலையாகத் தொடங்கிய கதை இல்லை இது. சுஸ்ருத சம்ஹிதையில் மேதோரோகம் பற்றி இருப்பதை வைத்து, 1966-ல் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி.வி.சத்யவதி முயல்களில் சோதனை செய்தார். கொலஸ்ட்ரால் ஊட்டிய முயல்களுக்குக் குக்குலு கொடுத்ததும் ரத்தத்தில் கொழுப்பு குறைந்தது. பழைய ஏட்டில் இருக்கு என்பதோடு நிற்காமல் சோதித்துப் பார்த்தாரே, அதற்கே ஒரு கும்பிடு.

என் சந்தேகம் முயல் மேலதான். முயல் இலை தழை தின்னும் பிராணி. கொலஸ்ட்ராலை உணவில் கலந்து கொடுத்தால் அதற்கு ரத்தத்தில் எக்கச்சக்கமாக ஏறும். 1913-லேயே ரஷ்யாவில் அனிச்கோவ் காட்டியது இது. ஆக அங்கே ஏறினது தீனியில் வந்த கொழுப்பு. நமக்கு ஏறுவதில் பெரும்பங்கு நம்ம கல்லீரலே தயாரிப்பது. குடலில் உறிஞ்சுவதைக் கொஞ்சம் தடுக்கிற எந்தச் சாறும் முயலிடம் பாஸ் ஆகிவிடும். எலி இன்னும் மோசம்: அதன் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல்.லில் இருக்கும், நமக்கு எல்.டி.எல்.லில். எங்க தொழிலில் சொன்னால், டெஸ்ட் சர்வரில் ஒரு டேட்டாபேஸ், புரொடக்‌ஷனில் வேற டேட்டாபேஸ்!

2002-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை, குக்குல்ஸ்டிரோன் கல்லீரலில் எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பியைத் தடுக்கிறது என்றது. அழகான வேலை. அந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளில் மருந்து பலிக்கவில்லை என்பது வரை காட்டினார்கள். ஆனால் குறைந்தது சுண்டெலியின் கல்லீரலில் இருந்த கொலஸ்ட்ரால். மருந்து விற்கிறவர்கள் இந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

அடுத்த வருஷமே அமெரிக்காவில் 103 பேரை வைத்து எட்டு வாரம் பார்த்தார்கள், 'ஜாமா'வில் வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 5% குறைந்தது. குக்குலு சாப்பிட்டவர்களுக்கு, அளவைப் பொறுத்து, 4-லிருந்து 5% *கூடியது*. சிலருக்குத் தோலில் தடிப்பு வேற. அதற்கு முன் இந்தியாவில் மனிதர்களிடம் நடந்த சோதனைகள் குறைகிறது என்றுதான் சொல்லியிருந்தன. உணவு முறை வேறு என்பது ஒரு நியாயமான பதில். ஆனால் அதை மனிதர்களை வைத்துத்தான் தீர்க்கணும். இன்னொரு கூண்டு முயல் வாங்கி வந்து தீர்க்க முடியாது.

இதையெல்லாம் சொன்னதும் அப்பா, "அப்ப பிராணிச் சோதனையே வேஸ்ட்டாடா?" என்றார். அதுவும் இல்லை. ஸ்டாட்டின் குடும்பத்தின் முதல் மருந்தான காம்பாக்டினை ஜப்பானில் அகிரா எண்டோ கண்டுபிடித்தபோது, எலிகளில் அது கொழுப்பைக் குறைக்கவே இல்லை. அப்புறம் முட்டையிடும் கோழிகளில் கொடுத்துப் பார்த்துத்தான் திட்டமே பிழைத்தது.

"எலி சொன்னதோட நிறுத்தியிருந்தா உங்க மாத்திரையே வந்திருக்காதுப்பா" என்றேன். டாக்டரிடம் கேட்டு ஸ்டாட்டினைத் திரும்ப ஆரம்பிச்சாச்சு. கேப்ஸ்யூல் டப்பா மட்டும் இன்னும் அலமாரியில் இருக்கு, பாதிக்கு மேல் மிச்சம்.