மதிப்பெண்ணும் மறுகற்பித்தலும்: மொழியியல் நோக்கில் ஒரு திறனாய்வு

கேரளப் பொதுக் கல்வித் துறை 2024-25ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு பாடத்திற்கும் 30 விழுக்காட்டைக் குறைந்தபட்ச மதிப்பெண்ணாக வரையறுத்தது. அதனை எட்டாதவர்க்கு 2025 ஏப்ரலில் சிறப்பு வகுப்புகளும் மறுதேர்வும் நடத்தப்பெற்றன. தேர்வு முடிவைக் கற்பித்தலுக்குத் திருப்பிய இம்முயற்சி வரவேற்கத்தக்கது. எனினும், மொழிப்பாடத்தில் விழுக்காடு ஒன்றையே அளவாகக் கொள்வது போதுமா என்பது ஆராயத்தக்கது.

மதிப்பெண் யாருக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பதை உணர்த்தும். எதைக் கற்பிக்க வேண்டும் என்பதை உணர்த்தாது. திருவனந்தபுரத்தில் தமிழ் பயிலும் மாணவர் இருவர் ஒரே மதிப்பெண் பெற்றதாகக் கொள்வோம். ஒருவர் 'பழம்' என்பதனைப் 'பளம்' என எழுதுகிறார். மற்றவர் 'அவள் வந்தான்' என எழுதுகிறார். முன்னதற்கு ழகரம் ளகரமாகத் திரியும் பேச்சு வழக்கு காரணமாகலாம். பின்னதற்கு மலையாளத் தாக்கம் காரணமாகலாம். ஏனெனில் மலையாள வினைமுற்று, திணை பால் எண் இடம் காட்டும் விகுதிகளை இழந்துவிட்டது. ஆனால் அதே மலையாளம் ழகரத்தைப் பேணி வருவதால், முதல் மாணவர்க்கு அது துணையாகும். ஒருவர்க்கு இடையூறாவது மற்றவர்க்குக் கருவியாகிறது. இருவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி ஒரே பாடத்தை மீண்டும் நடத்துவதால் பயன் குறைவே. பிழை என்பது கற்போர் மனத்தில் உருவாகிவரும் மொழியமைப்பின் சான்று எனப் பிட் கார்டர் 1967இல் விளக்கியது இங்கு நினைக்கத்தக்கது.

வளர்ச்சியை அளப்பதிலும் இடர் உண்டு. இரு வினாத்தாள்களின் கடினத்தன்மை ஒத்திராவிடின், 27 விழுக்காடு 34 ஆனதைக் கற்றலின் பயன் என்று துணிதல் இயலாது. தேசிய அடைவு ஆய்வும் இக்குறையை நிரப்பாது. அது மாதிரிக் கணக்கெடுப்பு. தனி மாணவரைப் பின்தொடர்வதன்று. மேலும் 2017இல் 3, 5, 8ஆம் வகுப்புகளில் நடந்த ஆய்வு, 2024இல் 3, 6, 9ஆம் வகுப்புகளில் நடந்தது. பிற பாட வினாக்கள் தமிழில் பெயர்க்கப்படுமிடத்து, கலைச்சொல் பாடநூலினின்று வேறுபட்டால், தேர்வு மாணவரின் அறிவை அன்றி மொழிபெயர்ப்பையே அளக்கும்.

ஆகவே மதிப்பெண்ணுடன் பிழைவகைப் பட்டியலும் ஆசிரியர் கையில் இருத்தல் வேண்டும். எழுத்து, சொல், தொடர், பொருளுணர்வு என வகுத்து, வகைக்கேற்பக் கற்பித்து, அவ்வகையையே நிகரான புதிய வினாக்களால் மீண்டும் சோதித்தல் வேண்டும். அப்பட்டியலை வகுத்தளிப்பது மொழியியலாரின் கடமை. வினாக்களின் நிகர்மையைக் காப்பது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.