காரில் ஹாம் ரேடியோ: இடம் பார்த்து ஆன்டெனா வாங்குங்கள்

காருக்கென்று விற்கும் ஹாம் ஆன்டெனாவைக் காசு கொடுத்து வாங்கும்போது நமக்குக் கிடைப்பது பாதி ஆன்டெனாதான். மீதிப் பாதி வாசலில் நிற்கிற வண்டி. கம்பியில் ஓடும் ரேடியோ மின்னோட்டத்துக்கு ஈடாக அதன் அடியில் இருக்கும் தகரத்திலும் மின்னோட்டம் ஓடியாக வேண்டும். தகரம் போதவில்லை என்றாலோ, தகரத்தோடு சரியான தொடர்பு இல்லை என்றாலோ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கம்பியும் திணறும். ‘எந்த ஆன்டெனா நல்லது?’ என்று ஹாம்களிடம் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களிடம்) கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். ‘எங்கே வைக்கப் போகிறீர்கள்?’ என்று திருப்பிக் கேட்பவரின் யோசனையைத்தான் நான் நம்புவேன்.

சோதித்துப் பார்த்த வண்டி சாதாரண பெட்ரோல் ஹேட்ச்பேக். கூரை முழுக்க இரும்புத் தகடு, சன்ரூஃப் கிடையாது. உள்ளே 50 வாட் தரும் 2 மீட்டர் எஃப்.எம். செட். இந்தியாவில் ஹாம்களுக்கு இந்தப் பட்டையில் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் உண்டு. மேக்னட் மவுண்டில் ஒரு கால் அலை கம்பி, டிக்கிக் கதவின் ஓரத்தில் கவ்வும் மவுண்டில் ஒரு அரை அலை டைமண்ட் ஆன்டெனா, மறுபடியும் கூரை மேக்னட்டில் நீளமான ஃபைவ் பை எய்ட் (5/8 அலை) என்று மாற்றி மாற்றி வைத்து ஊருக்குள்ளும் நான்குவழிச் சாலையிலும் மலைப்பாதையிலும் ஓட்டினேன்.

ஹேண்டி செட்டைக் கையில் வைத்துக்கொண்டு காருக்குள்ளிருந்து பேசிப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் தகரம், கையில் விரல் நீள ரப்பர் ஆன்டெனா. நம் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் மலையுச்சி ரிப்பீட்டர் நமக்குக் கேட்கும், அதற்கு நாம் கேட்கமாட்டோம். அதே 5 வாட் ஹேண்டியில் ஒரு கேபிளை மாட்டிக் கூரைமேல் கம்பியை வைத்தாலே கதை மாறிவிடும். பெரிய செட் வாங்கும் யோசனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இடம். 145 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். அதில் கால் பங்கு ஏறத்தாழ அரை மீட்டர். கம்பியின் உயரமும் அவ்வளவுதான், அதன் அடியிலிருந்து எல்லாப் பக்கமும் தேவைப்படும் தகரமும் அவ்வளவுதான். ஹேட்ச்பேக் கூரையின் நடுவில் ஒரு புள்ளி வைத்து டேப் பிடித்துப் பாருங்கள். நாலு பக்கமும் ஏறக்குறைய அரை மீட்டர் தகரம் கிடைக்கும். 2 மீட்டர் பட்டைக்கென்றே அளந்து செய்த மாதிரி இருக்கும். கூரையின் நடு வண்டியின் மிக உயரமான இடமும்கூட. உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே அந்தத் தகடே மறைப்பாக நிற்பது இன்னொரு லாபம். 50 வாட்டில் பேசும்போது பின்சீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

முதலில் கால் அலை கம்பி. பார்வைக்கு ஒன்றுமே இல்லை. மேக்னட், அதன்மேல் சுமார் 49 சென்டிமீட்டர் எஃகுக் கம்பி, அவ்வளவுதான். அடியில் காயில் எதுவும் கிடையாது என்பதால் கெட்டுப்போகவும் ஒன்றும் இல்லை. மேக்னட்டுக்கும் கூரைக்கும் நடுவே பெயின்ட் இருக்கிறதே, எர்த் எப்படிக் கிடைக்கும் என்று பலர் கேட்பதுண்டு. மேக்னட்டின் அடித்தட்டும் கூரைத் தகடும் பெயின்ட்டை நடுவில் வைத்து ஒரு கெபாசிட்டராக வேலை செய்கின்றன. 145 மெகாஹெர்ட்ஸ் மின்னோட்டம் அதைத் தாண்டிப் போய்விடும். குறைந்த அலைவரிசையில் அது போதாது. அதனால்தான் 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியை இதே மேக்னட்டில் வைத்தால் செட் முரண்டு பிடிக்கும்.

மேக்னட் மவுண்டில் உண்மையான வில்லன் கேபிள். மலிவாக வாங்கிய ஒன்றில் பென்சில் குச்சியைவிட மெல்லிய ஆர்.ஜி.174 கேபிள் 5 மீட்டர் வந்தது. இந்த அலைவரிசையில் அது விழுங்குவது கிட்டத்தட்ட 2 டெசிபெல். செட்டிலிருந்து 50 வாட் கிளம்பினால் கம்பிக்குப் போய்ச் சேருவது சுமார் 32 வாட்தான். கேட்கும்போதும் அதே நஷ்டம் உண்டு. அதே நீளத்துக்குக் கொஞ்சம் தடிமனான ஆர்.ஜி.58 போட்டால் இழப்பு பாதியாகிறது. காருக்கு 3 மீட்டர் போதும் என்றால் 3 மீட்டரோடு வெட்டி கனெக்டர் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்தைச் சுருட்டி சீட்டுக்கு அடியில் போடுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆர்.ஜி.58 வளைக்கச் சற்று முரண்டும், கதவு பீடிங்கில் நசுங்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். முன் கதவு வழியாகக் கொண்டுவருவதைவிட டிக்கிக் கதவின் மூலையில், ரப்பர் மிருதுவாக இருக்கும் இடத்தில் நுழைப்பது நல்லது. உள்ளே போவதற்கு முன்னால் கேபிளைக் கீழ்ப்பக்கம் ஒரு வளைவு வளைத்து விடுங்கள். மழைத்தண்ணீர் அங்கே சொட்டிவிடும், வண்டிக்குள் வராது.

பெயின்ட் கெடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் கெடுப்பது மேக்னட் அல்ல, அதனடியில் சிக்கும் மணல். வண்டி கழுவும்போதெல்லாம் கழற்றித் துடையுங்கள். கூரையில் இழுக்காமல் ஓரத்தில் நெம்பித் தூக்குங்கள். சித்திரை வெயிலில் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் விட்டால் அடி ரப்பரின் வட்டம் பெயின்ட்டில் பதிந்துவிடும். கண்ணாடிக் கூரைக்காரர்களும் அலுமினியப் பாடி வைத்திருப்பவர்களும் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மேக்னட் அங்கே ஒட்டவே ஒட்டாது.

அவர்களுக்கானதுதான் டிக்கி மவுண்ட். கதவின் விளிம்பில் கவ்வி, உள்பக்கமிருந்து சிறு திருகுகளை அல்லன் கீயால் முடுக்குகிறோம். அந்தத் திருகின் முனை பெயின்ட்டைக் கீறித் தகரத்தைத் தொட்டால்தான் எர்த். பெயின்ட் போய்விடுமே என்று பாதி முடுக்கிவிட்டு எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து திறன் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்) ஏறுகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். நன்றாக முடுக்குங்கள், மல்டிமீட்டரை வைத்து மவுண்டுக்கும் பாடிக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பாருங்கள், கீறிய இடத்தில் துரு பிடிக்காமல் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். டிக்கிக் கதவே கீல்களில் தொங்குகிறது. கீலில் பெயின்ட்டும் கிரீஸும்தான் இருக்கும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் வயரில் ஒரு குட்டைப் பட்டை போட்டால் அளவுகள் ஆட்டம் காணாமல் நிற்கின்றன.

இந்த இடத்துக்குக் கால் அலை பொருந்தாது. ஒரு பக்கம் கூரைத் தகரம், மறுபக்கம் வெறும் காற்று. அரை அலை ஆன்டெனாவோ தகரத்தை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. டைமண்டின் என்.ஆர்.770 வரிசை இந்த வேலைக்குப் பெயர் போனது. ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம், 2 மீட்டரில் அரை அலை, 70 சென்டிமீட்டர் பட்டையிலும் வேலை செய்யும், அடியில் மடக்கிக்கொள்ளலாம். அந்த மடக்கு வசதிக்கே நான் முழு மதிப்பெண் தருவேன். போர்டிகோ தாழ்வாக இருக்கும் வீடுகளிலும் அபார்ட்மென்ட் அடித்தளப் பார்க்கிங்கிலும் அதன் அருமை தெரியும்.

பேசிப் பார்த்ததில்? ரிப்பீட்டர் வழியாகப் பேசும்போது கூரை நடுவில் நிற்கும் கால் அலைக்கும் இதற்கும் எதிர்முனையில் இருந்தவரால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. ரிப்பீட்டர் இல்லாமல் 145.500-ல் நேரடியாகப் பேசி, சிக்னல் தேயும் தூரத்துக்குப் போனபோதுதான் குணம் தெரிந்தது. வண்டியின் மூக்கு எதிர் நிலையத்தைப் பார்த்து இருக்கும்போது நன்றாகக் கேட்டது, திரும்பி நின்றால் இரைச்சல் ஏறியது. தகரம் அதிகம் இருக்கும் பக்கம்தான் அலையும் அதிகம் போகிறது. பின்ஓரத்தில் வைத்த ஆன்டெனாவுக்கு அது முன்பக்கம்.

ஃபைவ் பை எய்ட் பற்றிப் பேசும்முன் கேட்லாக் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘3 டெசிபெல் கெயின்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால், எதைக் காட்டிலும் என்று கேளுங்கள். 3 டெசிபெல் என்றால் இரண்டு மடங்கு திறன். கால் அலை கம்பியைக் காட்டிலும் இரண்டு மடங்கு என்பது முடிவில்லாத தகடு விரித்த காகிதக் கணக்கில் மட்டுமே வரும். ஒன்றரை மீட்டர் கார் கூரையில் அது குறையும். ஒப்பிடுவது எதனோடு என்று சொல்லாத டெசிபெல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஆனாலும் அது சும்மா இல்லை. சமவெளியில், நான்குவழிச் சாலையில், கால் அலை இரைச்சலில் மூழ்கிய பிறகும் ஃபைவ் பை எய்ட் இன்னும் கொஞ்ச தூரம் பேச்சைப் பிடித்துக்கொண்டு வந்தது. அலையை அடிவானத்தை ஒட்டி அனுப்புவது அதன் சுபாவம். மலைப்பாதையில் அந்தச் சுபாவமே பாதகம். ரிப்பீட்டர் தலைக்கு மேலே மலையில் உட்கார்ந்திருக்கும்போது கால் அலையின் குண்டான பரவலே மேலாக இருந்தது. ஊருக்குள் இரண்டும் ஒன்றே. ஓடும் வண்டியில் சிக்னல் படபடவென்று வெட்டி வெட்டிக் கேட்பதை எந்த ஆன்டெனாவும் தீர்க்காது: கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சுமார் ஒரு மீட்டருக்கு ஒருமுறை கூடியும் குறைந்தும் நிற்கின்றன, 60 கிலோமீட்டர் வேகத்தில் நாம் விநாடிக்குக் கிட்டத்தட்டப் பதினேழு மீட்டர் கடக்கிறோம். நீளக் கம்பி காற்றில் சாய்ந்தாடுவதால் இது இன்னும் கூடும்.

நீளம்தான் இதன் தொல்லை. கம்பியே சுமார் 1.25 மீட்டர். வண்டி உயரத்தோடு சேர்த்தால் இரண்டே முக்கால் மீட்டர். சாலையோரப் புளியமரக் கிளைகளை உரசிக்கொண்டே போகும். ஒற்றை மேக்னட் என்றால் ஒரு நல்ல கிளை தட்டிக் கவிழ்த்துவிடும். மூன்று மேக்னட் தளம் வேண்டும், அடியில் ஸ்பிரிங் வேண்டும். காயிலுக்குள் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூரையில் ஓட்டை போடுவதுதான் மிகச் சிறந்த வழி என்பதில் சந்தேகமே இல்லை. என்.எம்.ஓ. மவுண்டுக்கு முக்கால் அங்குல ஓட்டை, அதாவது 19 மில்லிமீட்டர். எர்த் நேராகத் தகரத்தில், தண்ணீர் புகாது, கேபிள் வெளியே தெரியாது. நம் ஊரில் வண்டியை விற்கும்போது வாங்குபவர் முகம் போகும் போக்கை நினைத்தால் கை வராது. துணிந்தவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது கூரையின் ஓரத்திலும் தூண்களிலும் மடிந்து கிடக்கிறது. அந்த வழியில் துளையும் போடாதீர்கள், அதன் குறுக்கே கேபிளையும் இழுக்காதீர்கள்.

எந்தக் கம்பி ஆனாலும் உங்கள் வண்டியில், உங்கள் இடத்தில் வைத்து அளந்து வெட்ட வேண்டும். அட்டவணை பார்த்துக் கடையிலேயே வெட்டித் தருவதை நம்ப வேண்டாம். இப்போது ஆன்டெனாவை அளக்கும் கையடக்க நானோ வி.என்.ஏ. கருவி மலிவாகக் கிடைக்கிறது. நண்பரிடம் இரவல் வாங்கினாலும் போதும். வண்டியைப் போர்டிகோவிலிருந்து வெட்ட வெளிக்குக் கொண்டுபோங்கள், கதவுகளையும் டிக்கியையும் மூடுங்கள், ஆன்டெனா பக்கத்தில் நிற்காதீர்கள். எஸ்.டபிள்யூ.ஆர். 144-ல் குறைவாகவும் 146-ல் அதிகமாகவும் இருந்தால் கம்பி நீளம். இரண்டு மூன்று மில்லிமீட்டராக வெட்டுங்கள். தலைகீழாக இருந்தால் கம்பி குட்டை. வெட்டியதை ஒட்ட முடியாது என்பதால்தான் இந்த நிதானம். 1.5 வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். அங்கே திரும்பி வரும் திறன் வெறும் 4 சதவீதம், 1.1-க்காக ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்க வேண்டாம். இன்னொன்று: மெல்லிய கேபிள் போகும்போதும் வரும்போதும் திறனை விழுங்குவதால் செட் பக்கத்தில் மீட்டர் அழகான எண்ணையே காட்டும். ஆன்டெனா மோசம், மீட்டர் பிரமாதம் என்ற நிலை அப்படித்தான் வருகிறது.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 50 வாட் செட் பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட் அதற்கானதல்ல. பேட்டரியிலிருந்தே தடிமனான வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். பேட்டரி நெகடிவில் சென்சார் பொருத்திய புது வண்டிகளில் நெகடிவ் வயரை முனையில் நேரடியாகக் கொடுக்காமல் பாடி எர்த்தில் கொடுங்கள்.

காரிலிருந்து 7 மெகாஹெர்ட்ஸில் பேச ஆசைப்படுபவர்கள் வேறு உலகத்துக்குள் நுழைகிறார்கள். அங்கே கால் அலையே 10 மீட்டர். அதைக் காயில் போட்டு இரண்டரை மீட்டருக்குள் அடக்கினால் கொடுக்கும் திறனில் பெரும்பகுதி காயிலிலும் தகரத்திலும் சூடாகப் போய்விடும். பத்தில் ஒரு பங்கு காற்றுக்குப் போனால் நல்ல ஏற்பாடு. மேக்னட் உதவாது, பாடியின் ஒவ்வொரு கதவையும் பட்டை போட்டு இணைக்க வேண்டும். 14 மெகாஹெர்ட்ஸில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

முடிவுக்கு வருகிறேன். இரும்புக் கூரை உள்ள வண்டி, ஊருக்குள்ளும் மலைப்பக்கமும் ஓட்டம் என்றால் நல்ல கேபிளோடு கூடிய மேக்னட்டில் கால் அலை கம்பி. மிச்சப் பணத்தை அளவு கருவியில் போடுங்கள். கண்ணாடிக் கூரை, தாழ்ந்த பார்க்கிங் என்றால் டிக்கி மவுண்டில் மடக்கும் அரை அலை. சமவெளியில் நெடுந்தூரம் போகிறவர்கள் மட்டும் ஃபைவ் பை எய்ட் வாங்குங்கள். எதை மாட்டினாலும் உங்கள் ஹாம் உரிமத்தின் நகல் ஒன்று வண்டி ஆவணங்களோடு இருக்கட்டும். கூரையில் கம்பி நிற்கும் காரைச் செக்போஸ்ட்டில் நிறுத்திக் கேட்பார்கள்.