மர ரூட்டர்: எதை நல்ல கருவி என்பது?

‘ஒரு சிறந்த கருவியின் தன்மைகள்’ என்று விளக்கக் கட்டுரை கொடுத்தால், நம் மாணவர்கள் பலர் விளம்பரத் தாளைத்தான் தமிழில் எழுதித் தருகிறார்கள். வலிமை, அழகு, மலிவு என எல்லாமே ஒரே தட்டில். மரவேலை ரூட்டரை வைத்து இதைக் கொஞ்சம் அலசுவோம். வீட்டு இணைய ரூட்டர் இல்லீங்க. மரத்தில் காடி எடுக்கவும் விளிம்பை வடிவமாகச் சீவவும் உதவும் மின்கருவி. தச்சர்கள் உளியும் இழைப்புளியும் கொண்டு பொறுமையாகச் செய்த வேலை அது.

விளம்பரம் முதலில் சொல்வது மோட்டாரின் சக்தி. என் கணிப்பில் அது நான்காவது இடத்துக்குத்தான் வரும். முதலிடம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதிக்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலகு நிமிடத்துக்கு 22,000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 207 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 12,000 சுற்றுக்குக் குறைத்தால் 113. ஜுரு வழியாகப் போகும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையிலேயே கார்களுக்கு 110 தானே அனுமதி! சின்ன அலகுக்கு அதிவேகம் வேணும். பெரிய அலகுக்கு அதே வேகம் ஆபத்து.

அடுத்தது ஆழத்தைப் பூட்டும் திருகு. அதிர்வில் அரை மில்லிமீட்டர் நழுவினாலும் காடி கெட்டுவிடும், இணைப்பு ஆடும். அப்புறம் சுவிட்ச். பிடியிலிருந்து கையை எடுக்காமலே அணைக்க முடியணும். இதை விலைப்பட்டியல்கள் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் மாணவர் கையில் கருவியைக் கொடுக்கும் ஆசிரியருக்கு இதுதான் பெரிய கேள்வி.

தூசியை உறிஞ்சும் குழாய் வசதியையும் ‘கூடுதல் வசதி’ என்று ஒதுக்க முடியாது. மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வெளியிட்ட தொகுதியிலேயே வகைப்படுத்திவிட்டது. பால் வற்றிய ரப்பர் மரம் நம் நாட்டில் நாற்காலியாகவும் மேசையாகவும் மாறுகிறது. தோட்டத்தில் மரம் சீவிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பட்டறையில் அதன் தூசியைச் சுவாசிக்கணுமா?

குறள் 675இல் வள்ளுவர் கருவியைத் தனியாக எண்ணவில்லை. பொருள், காலம், வினை, இடம் ஆகிய நான்கோடு சேர்த்தே ஆராயச் சொல்கிறார். அந்த அளவுகோலை இங்கே வைத்தால் ‘சிறந்த ரூட்டர்’ என்ற தலைப்பே அரைகுறை. செங்கால் மரக் கதவுக்கு அரை அங்குல அலகு பிடிக்கும் கனமான ரூட்டர் பொருந்தும். இரண்டாம் படிவ மாணவர் செய்யும் பென்சில் பெட்டிக்கு அது பாரம்; கால் அங்குல அலகு பிடிக்கும் சிறிய டிரிம்மரே போதும்.

அதனால் தலைப்பைச் சற்று மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்: ‘பள்ளிப் பட்டறைக்கு ஏற்ற ரூட்டர் எது, ஏன்?’ மாணவர் முதலில் எந்தத் தன்மையை எழுதுகிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார் என்பதைப் பார்த்து மதிப்பிடலாம்.