கணினிக்குள் கணினிக்கு இரண்டாவது தட்டு

ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியை முழுமையாக இயங்கச் செய்யும் மென்பொருள்களில், ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனத்தில் பிறந்து, 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் கைக்கு மாறி, 2010இல் அந்த ஸ்தாபனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட்டபடியால் அதனுடன் கூடவே புது வீடு புகுந்த விர்ச்சுவல்பாக்ஸ், காசு கொடுக்காமல் கிடைப்பது என்ற காரணத்தாலேயே மாணாக்கர்களுக்கும் மென்பொருள் பரிசோதகர்களுக்கும் நெடுநாளாகப் பரிச்சயமான ஒன்று. அதன் ஏழாம் பதிப்பு வரிசையில் சொல்வதற்கு எவ்வளவோ இருப்பினும், சேமிப்பிடத்தை அது எவ்விதம் பரிபாலனம் செய்கிறது என்ற ஒரு விஷயத்தை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸ் சிருஷ்டிக்கும் தட்டு, வெளிக் கணினியைப் பொறுத்தவரை, விடிஐ என்னும் வடிவத்தில் கிடக்கும் வெறும் ஒரு கோப்புதான். உள்ளே இயங்கும் கணினியோ அதை அசல் வன்தட்டு என்றே எள்ளளவும் ஐயமின்றி நம்பிக்கொள்கிறது. நாம் வேறு விதமாகக் கேளாதவரையில் கிடைப்பது வளரும் வகைத் தட்டு. 50 ஜிபி என்று உள் கணினிக்கு வாக்களித்திருந்தாலும், ஆரம்பத்தில் மிகச் சொற்பமான இடத்தையே பிடித்துக்கொண்டு, உள்ளே எழுத எழுத 1 எம்பி அளவுள்ள துண்டுகளாக அக்கோப்பு விரிந்துகொண்டு போகும். 256 ஜிபி எஸ்எஸ்டியோடு காலந்தள்ளும் சாமானிய மடிக்கணினிக்காரருக்கு இது பெரிய அனுகூலம். கையிருப்புக்கு மேல் வாக்குக் கொடுத்துவிட்டு, வெளியே இடம் அடியோடு தீர்ந்துபோகும் சந்தர்ப்பம் நேர்ந்தாலும், மென்பொருள் உள் கணினியை அப்படியே நிறுத்திவைத்து எச்சரிக்கிறது. வேண்டாதவற்றைக் களைந்து இடம் உண்டாக்கியபின், நின்ற இடத்திலிருந்தே வேலையைத் தொடரலாம். இந்த நிதானம் மெச்சத்தக்கது.

ஆனால் கொடுப்பதில் இருக்கும் தாராளம் திரும்பப் பெறுவதில் இல்லை. உள்ளே 30 ஜிபி கோப்புகளை அழித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், கல்யாணம் முடிந்து உறவினர்கள் ஊருக்குப் போனபின்னும் பிரிக்கப்படாத பந்தலைப் போல, விடிஐ கோப்பு அதே பருமனோடு நிற்கும். அதைச் சுருக்க வேண்டுமாயின், முதலில் உள்ளே உள்ள காலியிடம் முழுவதையும் பூஜ்யங்களால் நிரப்ப வேண்டும். லினக்ஸில் ஜீரோஃப்ரீ, விண்டோஸில் எஸ்டெலீட் என்னும் கருவிகள் இதற்கு உதவும். அதன்பின் உள் கணினியை அணைத்து, விபாக்ஸ்மேனேஜ் என்னும் கட்டளையைக் கொண்டு கோப்பை இறுக்க வேண்டும். அழித்தவுடன் தானே சுருங்கும்படி செய்யும் டிஸ்கார்ட் என்ற ஏற்பாடும் இருக்கத்தான் இருக்கிறது. உள் கணினி அந்தத் தட்டை எஸ்எஸ்டி என்று கருதி டிரிம் கட்டளைகளை அனுப்பினால் அது வேலை செய்யும். இத்தனை பிரயோஜனமான வசதியைக் கட்டளை வரிக்குள் ஒளித்துவைத்திருப்பதற்கு என்ன நியாயம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இடம் போதாதபோது பெரும்பாலோருக்கு முதலில் தோன்றுவது, இருக்கும் தட்டையே பெரிதாக்கிவிடலாம் என்பது. அதற்கு வேண்டிய உழைப்பு, மீடியா பகுதியில் ஒரு நகர்த்தியை இழுப்பதுதான்; பெரிதாக்கலாமேயன்றிச் சிறிதாக்க இயலாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். தொல்லை அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. தட்டு வளர்ந்ததே தவிர அதன் மேலுள்ள பகுப்பு வளரவில்லை. விண்டோஸிலோ, பல சமயங்களில் சி டிரைவுக்கு அடுத்தாற்போல் மீட்புப் பகுப்பு ஒன்று வழிமறித்து உட்கார்ந்திருப்பதால், புதிதாய் வந்த இடம் அதற்கு அப்பால் எட்டாமல் கிடக்கிறது. பின்னால் திரும்பிவர வசதியாக உள் கணினியின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்நாப்ஷாட் எடுத்துவைத்திருப்பவர்களின் சங்கடம் இன்னும் பெரிது. மூலத் தட்டு வளர்ந்தாலும், அதன்மேல் அடுக்கப்பட்ட வித்தியாசக் கோப்பு பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆகையால் இரண்டாவது தட்டு ஒன்றைச் சேர்ப்பதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். ஸ்டோரேஜ் அமைப்பில் சாட்டா கன்ட்ரோலரைத் தேர்ந்து, புதிய தட்டைச் சிருஷ்டித்துப் பொருத்தினால் ஆயிற்று. பழைய ஐடிஇ கன்ட்ரோலர் நான்கு சாதனங்களோடு நின்றுவிட, சாட்டா 30 வரை ஏற்கும் என்பதால் இட நெருக்கடிக்கு இடமில்லை. உள்ளே போனபின், அசல் தட்டுக்குச் செய்யும் உபசாரங்கள் அனைத்தையும் இதற்கும் செய்ய வேண்டும். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போதும். லினக்ஸில் பகுப்பு இட்டு, எக்ஸ்ட்4 வடிவமைத்து, எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்க்கும்போது நோஃபெயில் என்ற சொல்லையும் மறவாமல் எழுதிவைப்பது நலம். இல்லாவிடில், பின்னொரு நாள் அந்தத் தட்டைக் கழற்றிவிட்டால், இன்றைய லினக்ஸ்கள் பெரும்பாலும் அதற்காகக் காத்திருந்து, கடைசியில் அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். கழற்றுவதும் அழிப்பதும் வெவ்வேறு காரியங்களாக வைக்கப்பட்டிருப்பது இம்மென்பொருளின் விவேகங்களில் ஒன்று. கழற்றிய தட்டின் கோப்பு அங்கேயே பத்திரமாக இருக்கும், வேறொரு மெய்நிகர் கணினியில் பொருத்தலாம்.

வெளியிலிருந்து செருகும் யுஎஸ்பி டிரைவுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்பு எக்ஸ்டென்ஷன் பேக் என்னும் தனித் தொகுப்பை நிறுவினால்தான் கிடைத்த யுஎஸ்பி 3 ஆதரவு, 2022இல் வெளிவந்த 7.0 பதிப்பு முதல் மூலத் தொகுப்பிலேயே அடங்கிவிட்டது.

இரண்டாம் தட்டின் பிரத்தியேக நன்மை, அதை ரைட்-த்ரூ என்னும் வகைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது. அவ்வகைத் தட்டை ஸ்நாப்ஷாட்கள் தீண்டுவதில்லை. பரிசோதனை ஏதோ விபரீதமாகி, இயங்குதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பினாலும், அதில் எழுதியவை எழுதியபடியே இருக்கும். அதே காரணத்தால் ஸ்நாப்ஷாட் அதற்குப் பாதுகாப்பும் அளிப்பதில்லை.

புதிதாக மெய்நிகர் கணினி அமைக்கப் போகிறவர்கள், இயங்குதளத்துக்கு ஒரு தட்டும் தம் தரவுகளுக்கு ரைட்-த்ரூ வகையில் வேறொரு தட்டும் என்று முதல் நாளே பிரித்துவைத்துக்கொண்டு, இரண்டாவதற்குத் தனியாகப் பிரதி எடுத்துவரட்டும். அப்பிரதியையும் அதே விர்ச்சுவல்பாக்ஸில் பொருத்தும் எண்ணமிருந்தால், கோப்பை வெறுமனே நகலெடுக்காமல் மீடியா பகுதியின் நகல் வசதியையே உபயோகிக்க வேண்டும். ஒரே அடையாள எண் கொண்ட இரு தட்டுகளை அது ஏற்பதில்லை.