தங்குதலும் தக்கவைத்தலும்

வவுனியா நகரையடுத்த நெளுக்குளத்திலே, உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி சில மாதங்களுக்கு முன் என்னிடம் ஒரு வினாக்கொத்தைக் கொண்டுவந்தாள். அவளுடைய தமக்கை வன்னியின் வைத்தியசாலை ஒன்றிலே தாதி. தாதியர் ஏன் தொழிலை விட்டுப் போகின்றனர், அவர்களைச் சேவையில் எவ்வாறு தக்கவைப்பது என்பவற்றை ஆராயும் ஒருவர் கொடுத்த கடதாசிகள் அவை. கேள்விகளிற் சில பொருள் விளங்காதிருந்தமையால் தமக்கை அவற்றைத் தங்கையிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். "சேர், இதற்கு என்ன கருத்து எண்டு அக்கா கேட்டவ" என்று மாணவி விரல் வைத்துக் காட்டிய வாக்கியம் இது: "எனது தொழிற்சூழல் எனது தொழில்சார் தன்னிறைவுக்கு ஏதுவாக அமைந்துள்ளது." அதன் எதிரே ஐந்து கட்டங்கள். முற்றாக உடன்படுவது முதல் முற்றாக மறுப்பது வரை ஏதேனும் ஒன்றிற் புள்ளடியிட வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் "வேறு கருத்துக்கள்" என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிக்கு இடம் விடப்பட்டிருந்தது. அங்கே தமக்கை பென்சிலால் எழுதியிருந்தாள்: "பின்னேர முறை ஏழு மணிக்கு முடியும். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் பஸ் இல்லை." முன்பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். பஸ்ஸைப் பற்றி ஒரு கேள்வியும் அங்கே இருக்கவில்லை.

இலக்கிய ஏடொன்றிலே வினாக்கொத்துக்கு விமர்சனமா என்று வாசகர் வியக்கலாம். வினாக்கொத்தும் ஓர் எழுத்தே. அதற்கும் ஆசிரியர் உண்டு. அவ்வாசிரியருக்கு உலகைப் பற்றிய ஒரு நோக்கு உண்டு. எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல இடமில்லை என்பதைத் தீர்மானிக்கும் வடிவம் உண்டு. ஒரு நாவலை நோக்கி, இதில் உழைப்பவன் எங்கே, அவன் பேசுகிறானா அல்லது அவனுக்காக வேறொருவர் பேசுகிறாரா என்று நாம் கேட்பதுண்டு. அக்கேள்வியை வினாக்கொத்தை நோக்கியும் கேட்கவேண்டும். ஏனெனில் நாவலை வாசித்து எந்த அமைச்சும் ஆளணியைக் கூட்டுவதில்லை, குறைப்பதுமில்லை. வினாக்கொத்தின் பெறுபேற்றை வாசித்து அவ்வாறு செய்கிறார்கள்.

எண்ணிக் கணக்கிடுவதை இகழ்வது முற்போக்காளர் வேலையன்று. தாதித் தொழிலின் நவீன வரலாறே கணக்கோடு தொடங்குகிறது. கிரிமியப் போரில் 1854இற் பணிக்குச் சென்ற ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலை நமது பாடப்புத்தகங்கள் விளக்கேந்திய சீமாட்டியாகவே அறிமுகஞ் செய்கின்றன. அச்சீமாட்டி போர் முடிந்ததும் விளக்கை வைத்துவிட்டுப் புள்ளிவிபரங்களைக் கையிலெடுத்தார் என்பதை அவை சொல்வதில்லை. படைவீரர் பெரும்பாலோர் இறந்தது எதிரியின் குண்டினால் அன்று, தடுத்திருக்கக்கூடிய நோய்களினால் என்பதை 1858இல் அவர் வரைபடமாக்கி அரசின் முன்வைத்தார். லண்டன் புள்ளிவிபரச் சங்கத்தில் முதற்பெண் அங்கத்தவராகத் தெரிவானதும் அதே ஆண்டிலேயே. விளக்கு அதிகாரத்தில் இருப்போரைச் சங்கடப்படுத்துவதில்லை, கணக்கு சங்கடப்படுத்தும். பாடப்புத்தகம் விளக்கை மாத்திரம் வைத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

தொழிலாளரிடம் கேள்வி கேட்பதும் நமக்குப் புதிதன்று. 1880இல் பிரெஞ்சுச் சோசலிச ஏடொன்றுக்காகக் கார்ல் மார்க்ஸ் நூறு கேள்விகள் அளவிலான வினாக்கொத்தொன்றைத் தயாரித்தார். வேலைத்தலத்தின் காற்றோட்டம், இயந்திரத்தின் ஆபத்து, வேலை நேரம், கூலி கொடுக்கப்படும் முறை, வீட்டு வாடகை என்று அது விரிந்தது. இருபத்தையாயிரம் பிரதிகள் பரப்பப்பட்டும் திரும்பி வந்த விடைகள் மிகச் சொற்பமே. எனினும் அதன் கேள்விகள் இன்றும் பாடமாகின்றன. அவை தொழிலாளியின் மனநிறைவை அளக்க முற்படவில்லை. அவனைச் சூழ்ந்துள்ள நிலைமையை அவனே உற்றுநோக்குமாறு தூண்டின. தன் நிலைமையைத் தானே விவரித்து எழுத முற்படுபவன் அதை மாற்றும் வழியையும் சிந்திக்கத் தொடங்குகிறான்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தாதியரைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. அமெரிக்கத் தாதியர் சங்கத்தின் ஆதரவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து எவரெட் ஹியூஸ், ஹெலன் ஹியூஸ், இர்வின் டொய்ச்சர் ஆகியோர் 1958இல் வெளியிட்ட நூலுக்கு "இருபதாயிரம் தாதியர் தம் கதையைச் சொல்கின்றனர்" என்பது தலைப்பு. கதை சொல்லும் உரிமை தாதியருடையது என்பதைத் தலைப்பளவிலாவது அந்நூல் ஒப்புக்கொண்டது. 1960இல் இசபெல் மென்சீஸ் வெளியிட்ட லண்டன் ஆய்வு இன்னும் ஆழமானது. பயிற்சிக்கு வந்த மாணவத் தாதியரில் மூன்றிலொரு பங்கினர் படிப்பை முடிக்காமலே விலகினர். அதற்குக் காரணம் அவர்களது மனோபலக் குறைவு என்று அவர் எழுதவில்லை. நோயாளியின் வேதனைக்கு முன் எழும் பதற்றத்தைத் தாங்க உதவுவதற்குப் பதிலாக, வைத்தியசாலை தாதியின் வேலையைத் துண்டு துண்டாக்கி, அவளை நோயாளியிடமிருந்தே பிரித்துவைக்கும் முறையிலே காரணத்தைக் கண்டார். அவருடைய ஆய்வில் நோய்ப்பட்டிருந்தது அமைப்பு.

இந்த வழியிற் சென்ற ஆய்வுகள் உயிர்களின் விலையையும் காட்டியுள்ளன. லிண்டா ஏய்க்கனும் குழுவினரும் ஐரோப்பாவின் 9 நாடுகளில், 300 வைத்தியசாலைகளில் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. 26,516 தாதியரின் விடைகள், சத்திரசிகிச்சை பெற்ற 422,730 நோயாளரின் பதிவுகளோடு ஒப்பிடப்பட்டன. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி மேலதிகமாகச் சேரும்போது, நோயாளர் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் உயர்வதாகத் தெரிந்தது. பட்டதாரித் தாதியரின் பங்கு 10 வீதம் கூடும்போது அவ்வாய்ப்பு 7 வீதம் குறைவதாகவும் தெரிந்தது. ஆளணியும் கல்வியும் நிருவாகச் செலவுப் பட்டியலின் விடயங்கள் மாத்திரமல்ல, கட்டிலிற் கிடப்பவரின் உயிர் விடயங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

ஆயின் இத்தகைய ஆய்வுகளின் பெயராலே நம்மிடம் வந்து சேரும் வினாக்கொத்துக்களில் மூன்று குறைகளைக் காண்கிறேன்.

முதலாவது, அவை இருப்பவர்களிடம் கேட்டு, போனவர்களைப் பற்றி எழுதுகின்றன. தொழிலை விட்டவளும் கடல் கடந்தவளும் நோயாளர் விடுதியில் இல்லை. கடதாசி அவள் கைக்குப் போவதில்லை. எஞ்சியிருப்பவளிடம் "போக எண்ணுகிறீரா?" என்று கேட்கிறார்கள். எண்ணம் வேறு, செயல் வேறு. களைத்த இரவின் முடிவில் போக எண்ணாத தாதி எங்கே இருக்கிறாள்? போகும் வழியும் பணமும் இல்லாமையால் இருப்பவளையும், மனமுவந்து இருப்பவளையும் ஒரே கட்டத்துப் புள்ளடி ஒன்றாக்கிவிடுகிறது. இங்கே 1983இல் அமெரிக்காவில் நடந்த முயற்சியொன்று நினைவுகூரத்தக்கது. தாதியர் பற்றாக்குறை நிலவிய காலத்திலும் தாதியர் விரும்பித் தங்கிய 41 வைத்தியசாலைகளைத் தெரிந்தெடுத்து, இங்கே இவர்கள் ஏன் தங்கினர் என்று அது கேட்டது. தொழில் பற்றிய தீர்மானங்களில் தாதியருக்கும் பங்கிருந்தமை விடைகளில் ஒன்று.

இரண்டாவது, காரணத்தை மனிதரின் உள்ளத்திலே தேடுகின்றன. மனநிறைவு, மனச்சோர்வு, மீண்டெழும் ஆற்றல் என்று அளவுகோல்கள் பெருகுகின்றன. மாலை ஏழு முதல் காலை ஏழு வரை நீளும் இரவு முறையில் எத்தனை நோயாளருக்கு எத்தனை பேர் என்ற கேள்வி சில வேளை இருக்கும். பஸ், தங்குமிடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், இடமாற்றம் ஆகியவை பற்றிய கேள்விகள் பெரும்பாலும் இரா. படித்துப் பட்டம் பெற்று வந்தவளுக்கு விடுதியில் என்ன மாறிற்று என்ற கேள்வியும் இராது. கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு நமது திறந்த பல்கலைக்கழகம் தாதியர் பட்டப்படிப்பைத் தொடங்கியது 1994இல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பின்னர் அப்படிப்பைத் தொடங்கிற்று. இக்கல்வியின் பயன் நோயாளியின் கட்டில்வரை வந்து சேர்ந்ததா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

மூன்றாவது, மொழி. "தக்கவைத்தல்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தங்குதல் என்ற வினைக்குத் தாதி எழுவாய்: அவள் தங்குகிறாள். தக்கவைத்தல் என்ற வினைக்கு நிருவாகம் எழுவாய், தாதி செயப்படுபொருள்: அவளைத் தக்கவைக்கிறார்கள். முதலாவது அவளுடைய விருப்பத்தைக் கேட்கும். இரண்டாவது அவளைப் பிணைக்கும் கயிற்றின் நீளத்தைக் கேட்கும். தொழிற்பெயரும் இவ்வாறே. தமிழகத்தார் வழங்கும் செவிலி என்னும் சொல் பழைய இலக்கியத்து வளர்ப்புத் தாயை நினைவூட்டுவது. நாம் வழங்கும் தாதி என்னும் சொல்லுக்குப் பணிப்பெண் என்ற பொருளும் உண்டு. ஒன்று தாய்மையைச் சொல்கிறது, மற்றது ஊழியத்தைச் சொல்கிறது. கல்வி, திறன், கூலி ஆகியவற்றை இரண்டும் சொல்லவில்லை.

நமது கலைப் படைப்புக்களும் இக்குறையினின்று நீங்கியவையல்ல. 1961இல் வெளிவந்த "பாலும் பழமும்" திரைப்படத்தில் சரோஜாதேவி ஏற்ற சாந்தி ஒரு தாதி. வைத்தியரை மணக்கிறாள், நோயுற்று அவரைப் பிரிகிறாள், பார்வையிழந்த அவருக்குத் தன்னை மறைத்துப் பணிவிடை செய்யும் தாதியாகவே மீண்டும் வருகிறாள். கோடிக்கணக்கானோரின் கண்ணை நனைத்த கதை. ஆனால் அங்கே தாதிமை ஒரு தொழிலன்று. பதிபக்தியின் இன்னொரு பெயர். காதலுக்குச் சம்பளம் கேட்கலாகாது என்று நம்பும் சமூகம், தாதி சம்பளங் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்யும்போது மாத்திரம் அதிர்ச்சியடைகிறது.

வன்னியிலே தங்குதல் என்ற சொல்லுக்கு வரலாறு கொடுத்துள்ள பொருளை எந்த ஐந்து கட்டங்களும் கொள்ளமாட்டா. 1987 ஒக்டோபரில் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் இந்தியப் படையினர் நுழைந்து சுட்டபோது, நோயாளரோடும் வைத்தியரோடும் தாதியரும் கடமையில் நின்றபடியே கொல்லப்பட்டனர். 2009இன் தொடக்கத்திலே புதுக்குடியிருப்பு வைத்தியசாலைமீது எறிகணைகள் வீழ்ந்தன. நோயாளரை அங்கிருந்து புதுமாத்தளனுக்கும், பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் கொண்டுசென்று, மருந்தும் கட்டுத்துணியும் அருகிய நிலையிற் கடைசிவரை பணியாற்றியவர்கள் இருந்தனர். அவர்களைத் தக்கவைத்தது யார்? எந்தக் கொடுப்பனவு? இந்தக் கேள்வியைத் தியாகத்தின் புகழ்ச்சியாக நான் எழுப்பவில்லை. அவ்வளவு நடந்தும் தங்கியவர்களின் ஊரிலே, யுத்தம் ஓய்ந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னர் ஆட்கள் தங்கவில்லையென்றால், குறை ஆட்களின் மனத்தில் இல்லை, நிலைமையிலே உள்ளது என்பதற்காகவே எழுப்புகிறேன்.

அந்நிலைமையின் மறுமுனை கடலுக்கு அப்பால் உள்ளது. 2025இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை, உலகில் 2 கோடி 98 இலட்சம் தாதியர் உள்ளனர் என்றும் இன்னும் 58 இலட்சம் பேர் போதாமல் உள்ளனர் என்றும் 2023ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. உலகத் தாதியரில் ஏழில் ஒருவர் தாம் பணியாற்றும் நாட்டிற் பிறவாதவர். செல்வ நாடுகளிலோ 23 வீதத்தினர் அவ்வாறானோர். வறிய நாடு தன் பணத்திற் பயிற்றுகிறது. செல்வ நாடு பயிற்றாமலே பெற்றுக்கொள்கிறது. இதற்கென 2010இல் ஏற்கப்பட்ட உலக நடத்தைக் கோவை, நாடுகளின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்று. நமது நாட்டிலோ 2022 ஜூனில், பொருளாதாரம் முறிந்து அந்நியச் செலாவணி வற்றியபோது, அரசாங்க ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஒரு கையால் அனுப்பிவைத்துவிட்டு மறு கையால் "ஏன் போகிறீர்?" என்று வினாக்கொத்து நீட்டுவதிலுள்ள முரண்பாட்டை நெளுக்குளத்துப் பெண்ணே விளங்கிக்கொள்வாள். போகிறவளைத் துரோகி என்பதும் பிழை. கூலி உயர்ந்த இடத்தை நாடுவது உழைப்பவரின் உரிமை. கூலியைத் தாழ்த்தி வைத்திருப்பவரையே கேள்வி கேட்கவேண்டும்.

நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவும் சரி, ஆனால் எண் இல்லாமல் அமைச்சின் கதவு திறக்காதே" என்றார். உண்மை. எண்ணை விடச் சொல்லவில்லை. எண்ணப்படும் பொருளைத் தெரிவு செய்யும் உரிமையைத் தாதியர் பெறவேண்டும் என்கிறேன். விடுதியொன்றில் வேலை செய்வோர் பத்துப் பேர் கூடித் தமது கேள்விகளைத் தாமே எழுதட்டும். ஒரு முறைக்கு எத்தனை நோயாளர், எத்தனை தாதியர்? எத்தனை இரவு? இடமாற்றக் கடிதம் எத்தனை ஆண்டாய்க் காத்திருக்கிறது? நோயாளியின் மொழி தெரியாத தாதியும், தாதியின் மொழி தெரியாத நோயாளியும் ஒருவரையொருவர் எத்தனை தடவை சைகையாற் சமாளித்தனர்? தமிழிலும் சிங்களத்திலும் ஒருசேர எழுதப்பட்டால், தென்னிலங்கையிலிருந்து வந்து இங்கு பணியாற்றும் பெண்ணும் அதே பஸ் இல்லாத வீதியையே எழுதுவாள். இன வேறுபாட்டைக் கடந்த ஒற்றுமைக்கு இதைவிட நல்ல பாடம் எது? இவ்வேலையில் ஆசிரியரும் மாணவரும் எழுதுகோலுடன் உதவலாம். விலகிப்போனவர்களின் முகவரியைத் தேடி அவர்களுக்கும் எழுதலாம்.

வினாக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தபோது மாணவி கேட்டாள்: "சேர், நான் தாதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாமோ?" உயிரியல் நன்றாகச் செய்பவள். தயங்கினேன் என்பதை ஒளிக்கவில்லை. பின்னர், விண்ணப்பிக்கும்படியே சொன்னேன். அத்துடன் அக்கா பென்சிலால் எழுதிய இரண்டு வரியையும் பேனையால் எழுதி அனுப்பச் சொன்னேன், பென்சிலை அழித்துவிடலாமன்றோ? மறுவாரம் அவள் வந்து, அக்கா பேனையால் எழுதியதோடு நில்லாமல், தன்னுடன் வேலை செய்யும் மற்றைய ஐவரையும் அவ்வாறே எழுதச் செய்தாள் என்றாள். இடம் போதாமல் கடதாசியின் பின்புறத்திலும் எழுதினார்களாம்.