விராலின் கண்ணுக்கு எது இரை?

தூண்டில் கடையில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் நிறத்தைப் பற்றியதுதான். பச்சைத் தவளையா, கறுப்பா, வயிற்றில் ஆரஞ்சுக் கோடு போட்டதா? ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம் என்று ஏரிகளும் தொழிற்சாலைகளும் அடுத்தடுத்து வரும் இந்தப் பகுதியில், வார விடுப்பு நாளில் ராடும் ரீலுமாகக் கரையேறும் இளைஞர்களும் இந்தக் கேள்வியோடுதான் லூர் எனும் போலி இரையை வாங்குகிறார்கள். ஆனால் விரால் ஆட்டத்தை நிதானமாக அலசினால் நிறம் கடைசி இடத்துக்குப் போய்விடும். பாசி எவ்வளவு அடர்த்தி என்பது முதலில். தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பது அடுத்து. எந்த வேகத்தில் இழுப்பது என்பது மூன்றாவது. இவை மூன்றும் முடிவான பிறகு நிறத்துக்கு வரலாம்.

காரணம் விராலின் உடம்பிலேயே இருக்கிறது. அது இரையைத் தேடி ஏரி முழுக்கச் சுற்றுவதில்லை. அல்லி இலைக்கு அடியிலோ, கோரைப் புதரின் ஓரத்திலோ, ஆகாயத்தாமரை நிழலிலோ அசையாமல் கிடந்து, எட்டும் தூரத்தில் வந்ததைப் பாய்ந்து பிடிக்கும். தவளை, சிறுமீன், ஜிலேபிக் குஞ்சு எதையும் விடாது. பக்கவாட்டில் ஓடும் உணர்வுக்கோடு தண்ணீரின் அதிர்வை அதற்குச் சொல்லிவிடும். செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கத் தனி அறை உண்டு. அதனால் ஆக்ஸிஜன் குறைந்த குட்டையிலும் பிழைக்கும். ஆனால் அவ்வப்போது மேலே வந்து காற்று குடித்தே தீர வேண்டும். மேலே வரவிடாமல் தடுத்தால் மூச்சுமுட்டிச் செத்துவிடும்.

பதுங்கிப் பாயும் இதே ஆட்டத்தை வட அமெரிக்காவில் ஆடுவது மஸ்கி என்று அழைக்கப்படும் மஸ்கெலஞ்ச் மீன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்கு அதுவே மாநில மீன். 1949-ல் அங்கே ஹேவர்டு அருகே கேல் ஜான்சன் பிடித்த மஸ்கியின் எடை 67 பவுண்டு 8 அவுன்ஸ், அதாவது 30 கிலோவுக்கும் மேல். டொரன்டோவுக்கு வடகிழக்கே கவார்த்தா ஏரிகளிலும் மஸ்கி உண்டு. ஸ்கார்பரோ, மார்க்கம் தமிழர்களுக்கு அது காரில் போய்வரும் தூரம். ஒரு மஸ்கிக்குப் பத்தாயிரம் முறை வீச வேண்டும் என்பது அங்கே வழக்கமாகச் சொல்லும் பேச்சு. அதனால் லூர் தேர்வை அவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கோடையில், உலோகத் தகடு சுழல மயிர்க்குஞ்சம் கட்டிய ஸ்பின்னரை வேகமாக இழுப்பார்கள். இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர்ந்ததும் பெரிய ரப்பர் லூருக்கு மாறி, வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். மீனின் உடல் சூடு தண்ணீரோடு ஏறி இறங்குவதால், லூரின் வேகமும் அதைத் தொடர்ந்தே ஏறி இறங்க வேண்டும்.

அதே விஸ்கான்சினில் நவம்பர் பிற்பாதியில் ஒன்பது நாள் மான் வேட்டைப் பருவம் வரும். ராடை வைத்துவிட்டுத் துப்பாக்கியோடு பனிக்காட்டுக்குள் போகிறவர்கள் உண்டு. புதிதாக விழுந்த பனியில் மான் எந்தப் பக்கம் போனது, நடந்ததா ஓடியதா என்பதைக் குளம்புத்தடம் சொல்லிவிடும். வேட்டைக்காரர்கள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை அணிய வேண்டும் என்று 1980-ல் அங்கே சட்டம் வந்தது. அது மனிதர்கள் ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருப்பதற்காக. மானின் கண்ணுக்கு ஆரஞ்சும் சிவப்பும் எடுப்பாகத் தெரிவதில்லை. ஆனால் கை சற்று அசைந்தால் உடனே கண்டுபிடித்துவிடும். எதிரில் இருக்கும் உயிர் எதைப் பார்க்கிறது என்ற இந்தக் கணக்கு, லூர் பெட்டியைத் திறக்கும்போதும் கைகொடுக்கும்.

மான் வேட்டைக்கு இங்கே இடமில்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் பொழுதுபோக்குக்குக் கதவு அடைக்கப்பட்டது. கிண்டியின் புள்ளிமானும் வெளிமானும் இன்று நடமாடுவது அந்தப் பாதுகாப்பில்தான். அதற்கு முன் வேட்டையும் தூண்டிலும் ஒரே கூட்டத்தாரின் கையில் இருந்தன. 1946-ல் கபினி ஆற்றில் 120 பவுண்டு மஹ்சீர் பிடித்த டி வெட் வான் இங்கன், புலியையும் மானையும் பாடம் செய்து தந்த மைசூர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். மதராஸ் அரசுப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டும் 1887-லேயே ஒரு தனி நூல் எழுதினார். ஏரிக்கரைத் தூண்டில் இந்த மண்ணில் அவ்வளவு பழைய விளையாட்டு.

இனி நம் ஏரிக்கு வருவோம். ஒரே ஏரி வருடம் முழுக்க ஒரே ஏரியாக இருப்பதில்லை. பக்கத்துச் செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பரில் உபரி நீரைத் திறந்துவிட வேண்டியிருந்த அதே ஏரி, 2019 கோடையில் வெடித்த தரையாகக் கிடந்தது. சின்ன ஏரிகளில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் வேகமாக நடக்கும். லூர் பெட்டியும் அதற்கேற்ப மாற வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரத்துக்கால் தண்ணீர் செம்மண்ணோடு வந்து இறங்கும். நேற்றுவரை மாடு மேய்ந்த புல்தரை மூழ்கும். தவளையும் பூச்சியும் அங்கே இருப்பதால் விராலும் முழங்கால் ஆழத்துக்கு ஏறி வரும். இந்தக் கலங்கலில் எதுவும் சரியாகத் தெரியாது. அதனால் சத்தம் போடும் லூர் வேண்டும்: பின்னால் சிறு தகடு சுழலும் தவளை, அல்லது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும் பஸ் பெய்ட். நிறம் என்று கேட்டால் கறுப்பு. அடியிலிருந்து வானத்தைப் பார்க்கும் கண்ணுக்கு மேலே மிதப்பது எதுவானாலும் நிழலுருவம்தான். கறுப்பு அதை இன்னும் அழுத்தமாகக் காட்டும்.

ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் தெளிந்துவிடும், பாசியும் தடித்துவிடும். விடியற்காலைக் குளிரில் விரால் மந்தமாக இருக்கும். வெயில் ஏறிய பிறகு போவதே லாபம். மஸ்கிக்காரர்களின் குளிர்நீர்ப் பாடத்தில் பாதி இங்கே பொருந்தும். வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆனால் லூரைப் பெரிதாக்கத் தேவையில்லை. முள் வெளியே தெரியாமல் கோர்த்த மென்மையான ரப்பர் மீனைப் பாசியின் இடைவெளியில் இறக்கி, நிறுத்தி நிறுத்தி இழுத்தால் போதும்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை ஏரி சுருங்கும். மற்ற மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும் தண்ணீரிலும் விரால் தெம்பாக இருக்கும். இது உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுத் தவளை லூருக்கான பருவம். விடியலும் அந்தியும் நல்ல நேரம். பனியில் குளம்புத்தடம் என்றால் இங்கே தடம் தண்ணீரின் மேல்மட்டத்தில். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், ஒரு வளையம், பின்னால் சில குமிழிகள். விரால் காற்று குடித்துவிட்டு இறங்கிய இடம் அது. அதன் தலையிலேயே லூரைப் போட்டால் மிரண்டு ஓடும். சில அடி தள்ளிப் போட்டு, அந்த இடத்தைக் கடந்து வரும்படி இழுக்க வேண்டும். கரையில் தடதடவென்று நடந்து வந்தவருக்கு இந்த வாய்ப்பே கிடைக்காது.

வெற்றுத் தவளை லூரைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதன் சூட்சுமம் புரியும். உள்ளே ஒன்றுமில்லாத மெல்லிய ரப்பர் உடல். இரட்டை முள்ளின் இரண்டு நுனிகளும் மேல்நோக்கி, முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். அதனால் அல்லி இலை மேல் ஏறினாலும் பாசியில் சிக்காமல் வழுக்கி வரும். கட்டைவிரலால் அமுக்கினால் உடல் உள்ளே போய் முள் வெளியே தலைகாட்டும். விராலின் தாடை செய்வதும் அதையேதான். உடல் தடித்த ரப்பராக இருந்தால் மீன் கடித்தும் முள் வெளியே வராது. கடையில் பார்க்க வேண்டியது இந்த மென்மையை. நிறத்தை அல்ல. இரண்டு மூன்று மீன் பிடித்த பிறகு பல் பட்ட ஓட்டை வழியே தண்ணீர் ஏறி லூர் அமிழத் தொடங்கும். அவ்வப்போது பிழிந்துவிட வேண்டும்.

அடி விழுந்ததும் பதறி ராடைத் தூக்குவதால் கைவிட்டுப் போகும் விரால்கள் ஏராளம். தண்ணீர் வெடிக்கும் அந்தக் கணத்தில் தவளை இன்னும் முழுதாக வாய்க்குள் போயிருக்காது. நூல் இறுகுவது கைக்குத் தெரியும்வரை ஒரு மூச்சு பொறுத்து, அதன்பின் பலமாக இழுக்க வேண்டும். பின்னிய பிரெய்டு நூல் தேவைப்படுவதும் இந்தப் பலமான இழுப்புக்குத்தான். முள் ஏறியவுடன் மீனைப் பாசிக்கு வெளியே கொண்டுவராவிட்டால் அது தண்டுகளில் நூலைச் சுற்றிவிடும். இழுப்பின் கடைசி இரண்டடியிலும் அவசரம் கூடாது. மஸ்கிக்காரர்கள் படகோரத்தில் லூரை எட்டு வடிவில் சுற்றிக் காட்டுவது, பின்தொடர்ந்து வந்த மீன் அங்கே பாயும் என்பதால். கரையில் நிற்பவர் லூரைச் சற்று நிறுத்திவைத்தாலே போதும்.

ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் எந்த லூரும் வெளியே வரக் கூடாது. மழைக்காலத்தில் பாசி ஓரமாகச் செந்நிறக் குஞ்சுகள் கொத்தாகக் கொப்பளித்து நகரும். அடியில் தாயும் தந்தையும் காவலுக்கு இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே தவளையைப் போட்டால் விரால் கட்டாயம் அடிக்கும். பசிக்காக அல்ல, பிள்ளைகளைக் காப்பதற்காக. பெரிய மீனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே காவல் இழந்த குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகத் தொடங்கிவிடும். திறமை எதுவும் தேவைப்படாத பிடி அது. விளையாட்டு என்று அதைச் சொல்ல முடியாது.

ஒன்டாரியோவில் மஸ்கி பிடிக்க உரிமம் வேண்டும். குறிப்பிட்ட நீளத்துக்குக் குறைந்த மீனைத் தண்ணீரில் விட்டே ஆக வேண்டும். நம் ஏரிகளில் மீன்பாசி குத்தகை எடுத்தவரின் அனுமதிதான் தூண்டில்காரருக்கு வாசல். அதைக் கேட்டு வாங்குவது முதல் கடமை. அந்த வாசலிலேயே இன்னொரு விதியையும் வைத்துவிடலாம். குஞ்சு காக்கும் விராலைத் தூண்டிலிலோ வலையிலோ எடுக்கக் கூடாது என்று ஊராட்சிகளும் மீன்வளத் துறையும் குத்தகை நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால், அடுத்த ஏலத்திலிருந்தே அது நடைமுறைக்கு வந்துவிடும்.